‘புரியல டீச்சர்!’ - கடற்கரையில் ஒரு வகுப்பறை

செமஸ்டர் லீவுக்கு ராமேஸ்வரம் போனா என்ன பண்ணுவீங்க? கோயில்ல 22 தீர்த்தத்துலயும் குளிப்பீங்க. தனுஷ்கோடி போய் அரிச்சல்முனையில ரெண்டு கடலுக்கும் நடுவுல நின்னு போட்டோ எடுப்பீங்க. கலாம் நினைவிடம், பொரிச்ச மீன், ரிட்டர்ன் டிக்கெட். அவ்வளவுதானே? நானும் அப்படித்தான் பிளான் போட்டிருந்தேன். ஆனா, ஆபீஸ்ல கொடுத்த வேலை வேற. “கடலோரத்துல ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துல நாலு நாள் இருந்துட்டு வந்து எழுதுப்பா!”

‘ஆரம்பப் பள்ளிக்கூடத்துல என்னத்தை எழுதறது? அ, ஆ, இ, ஈயா?’ன்னு மனசுக்குள்ள புலம்பிக்கிட்டேதான் ஜூலை மாசம் மதுரையில ரயில் ஏறினேன். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். பையில கேமரா, ஒரு நோட்டு. மனசுல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அரியர். இந்த அரியரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால வேலை இருக்கு!

மண்டபம் தாண்டினதும் ரயில் மெதுவாகுது. 1914-ல திறந்த பழைய பாம்பன் பாலத்துல 2022 டிசம்பரோட ரயிலை நிறுத்திட்டாங்க. இப்ப நாம போறது 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புதுப் பாலம். நீளம் ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. கப்பல் வந்தா நடுவுல இருக்குற 72.5 மீட்டர் துண்டு லிஃப்ட் மாதிரி அப்படியே 17 மீட்டர் மேல ஏறிடும். மெக்கானிக்கல் பசங்க கண்டிப்பா பார்க்க வேண்டிய இடம். அதைவிட எனக்குப் பிடிச்சது பக்கத்து சீட் பெரியவர் சொன்னதுதான். “அந்தப் பக்கம் அமைதியா கிடக்கு பாருங்க தம்பி, பாக் ஜலசந்தி, அது பெண் கடல். இந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, ஆண் கடல். எப்பவும் சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும்!”

ஒரு பறவை... ஒரு கரும்பலகை!

ராமேஸ்வரத்துல பள்ளிக்கூடம்னு பேச்செடுத்தாலே எல்லாரும் கை காட்டுறது ஒரே பக்கம்தான். அப்துல் கலாம் சின்ன வயசுல படிச்ச பஞ்சாயத்துப் பள்ளிக்கூடம். இன்னைக்கு அது மண்டபம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி எண் 1.

அங்கே நடந்த ஒரு விஷயத்தை கலாம் மேடைக்கு மேடை சொல்வார். அப்ப அவருக்குப் பத்து வயசு, அஞ்சாம் வகுப்பு. சிவசுப்பிரமணிய ஐயர்னு ஒரு ஆசிரியர். பறவை எப்படிப் பறக்குதுன்னு கரும்பலகையில படம் போட்டு, சிறகு, வால், உடம்புன்னு விளக்கிட்டு, “புரிஞ்சுதா?”ன்னு கேட்டிருக்கார். கலாம் எழுந்து, புரியலைன்னு சொல்லியிருக்கார். மத்த பசங்களும் அதையே சொல்ல, ஐயர் கோபப்படல. சாயந்திரம் மொத்த வகுப்பையும் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய் நிஜப் பறவைங்களைக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கார். தன் வாழ்க்கைப் பாதையைத் தீர்மானிச்சது அந்தச் சாயந்திரம்தான்னு கலாம் சொல்லியிருக்கார். பின்னாடி அவர் சென்னை எம்.ஐ.டி-யில படிச்சதும் ஏரோநாட்டிக்கல் இன்ஜினீயரிங்தான்!

அதே பள்ளியில இன்னொரு சம்பவம். புதுசா வந்த ஒரு ஆசிரியர், தொப்பி போட்ட முஸ்லிம் பையனும் பூணூல் போட்ட அர்ச்சகர் மகனும் பக்கத்துல பக்கத்துல உட்காரக் கூடாதுன்னு கலாமைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிட்டார். அழுதுக்கிட்டே உட்கார்ந்திருந்த நண்பன், ராமநாத சாஸ்திரி. அவரோட அப்பா, கோயிலின் தலைமை அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி, அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டிச்சார். ஆசிரியரும் தப்பை உணர்ந்து மாறினார். ‘பள்ளிக்கூடத்துக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம்?’னு கேக்குறவங்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

‘சரி, அது அந்தக் காலம். இப்ப?’ன்னுதானே கேக்குறீங்க? வாங்க, போவோம்.

உப்புமா, அரும்பு, மொட்டு, மலர்!

நான் நாலு நாள் இருந்தது வேற ஒரு பள்ளி. மீனவர் குடியிருப்பு ஒட்டின ஆரம்பப் பள்ளி. பேரு வேண்டாம், ஏன்னு பின்னால புரியும். அஞ்சு வகுப்பு, ரெண்டு டீச்சர். விளையாட்டு மைதானம்னு தனியா கிடையாது, வாசல்ல இறங்கினா மணல். காத்து அடிச்சா சாக்பீஸ் தூளோட சேர்ந்து மணலும் வாய்க்குள்ள போகும்.

காலையில மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே பசங்க தட்டோட உட்கார்ந்திருந்தாங்க. 2022 செப்டம்பர் 15-ல மதுரையில ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட்ல மாநிலத்துல இருக்குற எல்லா அரசு ஆரம்பப் பள்ளிக்கும் வந்துடுச்சு. நான் போன அன்னைக்கு ரவா உப்புமா, சாம்பார். ஹாஸ்டல் மெஸ்ல உப்புமாவைப் பார்த்தாலே ஓடுற ஆளு நான். இங்கே ஒரு ஒண்ணாங்கிளாஸ் வாண்டு ரெண்டாவது தடவை வாங்கினதைப் பார்த்துட்டு, வாயை மூடிக்கிட்டுச் சாப்பிட்டேன்.

வகுப்புக்குள்ள போனா பெஞ்ச் வரிசை இல்ல. தரையில வட்டம் வட்டமா உட்கார்ந்திருக்காங்க. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமாம். கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தப்ப விட்டுப்போனதைப் பிடிக்க 2022-ல கொண்டு வந்தது. ஒரே வகுப்புல இருந்தாலும் யாருக்கு எவ்வளவு தெரியுமோ அதுக்கு ஏத்த மாதிரி அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை. எழுத்து தெரியாதவன் அரும்பு, வாக்கியம் படிக்கிறவன் மலர். ‘நீ மக்கு’ன்னு யாரும் யாரையும் சொல்றதில்ல. ‘நான் இப்ப மொட்டுண்ணே!’ன்னு ஒருத்தன் பெருமையா வந்து சொன்னான். நம்ம காலேஜ்ல அரியர் வெச்சவனை ‘அரும்பு’ன்னு கூப்பிட்டா எவ்வளவு நல்லா இருக்கும்!

தூங்கட்டும், விடுங்க!

அன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. மூணாம் வகுப்புப் பையன் ஒருத்தன் சுவத்துல சாய்ஞ்சு அசந்து தூங்குறான். நான் எழுப்பப் போனேன். “விடுங்க தம்பி, அரைமணி நேரம் தூங்கட்டும்”னாங்க டீச்சர்.

ராமேஸ்வரத்துல விசைப்படகுங்க வாரத்துல மூணு நாள்தான் கடலுக்குப் போகும், திங்கள், புதன், சனி. திங்கள்கிழமை போனது செவ்வாய் காலையில கரைக்கு வரும். இருட்டோட எழுந்து அம்மாகூட கரைக்குப் போய், வலையில சிக்கின மீனை எடுத்துப் போட்டுட்டு, குளிச்சு, ஓடி வந்திருக்கான் அந்தப் பையன். “இந்த ஊர்ல டைம்டேபிளை கடல்தான் போடுது. நாம அதுக்கு ஏத்த மாதிரி நடத்திக்கணும்”னு சிரிச்சாங்க டீச்சர். கஷ்டமான கணக்குப் பாடத்தை அவங்க செவ்வாய்க்கிழமை காலையில தொடுறதே இல்ல!

அடுத்து நாலாம் வகுப்பு. அஞ்சு அஞ்சா எண்ணுற விளையாட்டு. டீச்சர் கோடு போட்டுக்கிட்டே வர, ஒரு பொண்ணு மட்டும் மத்தவங்க வாயைத் திறக்குறதுக்குள்ள பதில் சொல்றா. ‘செம ஷார்ப்!’னு பாராட்டிட்டு, அவ நோட்டை வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்துல பென்சில் கோடுங்க. நாலு கோடு, குறுக்க ஒரு கோடு. அப்படி மூணு கட்டு. அதுக்கப்புறம் தனியா ரெண்டு கோடு. மொத்தம் 17.

“இது என்னம்மா?”

“எங்கப்பா போன நாளுண்ணே.”

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓட முடிஞ்சு படகுங்க கடலுக்குப் போக ஆரம்பிச்சதும், எல்லை தாண்டினதா இலங்கைக் கடற்படை பிடிச்சுட்டுப் போன படகு ஒண்ணுல அவ அப்பாவும் இருந்திருக்கார்.

பேரு ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு இப்பப் புரியுதா?

இந்தப் பிரச்னைக்கு வயசு நம்மளைவிட அதிகம். 1974-லயும் 1976-லயும் ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுக் கடல்ல எல்லை வரைஞ்சாங்க. மீனுக்கு அந்தக் கோடு தெரியாது. அதே நேரம், அந்தக் கரையில இருக்குறதும் தமிழ் மீனவர்கள்தான். இங்கேயிருந்து போற இழுவைமடி தங்களோட வலையை அறுக்குது, கடலடியைச் சுரண்டுதுன்னு அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. இலங்கை 2017-ல இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை பண்ணிடுச்சு. யார் சரி, யார் தப்புன்னு நாலு நாள்ல நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா, அந்தச் சண்டையோட கணக்கு ஒரு நாலாம் வகுப்பு நோட்டோட கடைசிப் பக்கத்துல ஏறிக்கிட்டு இருக்குங்கிறது மட்டும் எனக்குத் தெரியும்.

“அவ அஞ்சு அஞ்சா எண்ணக் கத்துக்கிட்டது எப்படின்னு எனக்குத் தெரியும் தம்பி. அதனாலதான் அந்த விளையாட்டுல ‘வெரிகுட்’ சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்குது”ன்னாங்க டீச்சர். அந்தப் பதினேழு நாள்ல அவ ஒருநாள்கூட லீவு போடலையாம். ரெண்டு வீடு தள்ளி இருக்குற ஒரு அக்கா தினமும் அவளையும் தம்பியையும் கூட்டிட்டு வந்து விடுறாங்க. பள்ளி மேலாண்மைக் குழுவுல அவங்களும் உறுப்பினர். எந்த வீட்டுல அப்பா இல்ல, எந்த வீட்டு அம்மா பாசி எடுக்கக் கடலுக்குள்ள போயிருக்காங்க, எந்தப் பிள்ளை இன்னைக்கு வரலைங்கிறதெல்லாம் அந்தக் குழு அம்மாக்களுக்கு அத்துப்படி. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் டீச்சர் மேஜையில இருக்கு. ஆனா அதை நிரப்புறது இவங்கதான்!

வசமா மாட்டிக்கிட்டேன்!

வியாழக்கிழமை சாயந்திரம். “கலாம் ஐயாவோட வாத்தியார் மாதிரி நாமளும் கடற்கரைக்குப் போவோமா?”ன்னு டீச்சர் கேக்க, ‘ஓ’ன்னு ஒரே கூச்சல். தலைக்கு மேல ஒரு செம்பருந்து. பசங்க பாஷையில கருடன். சிறகை ஆட்டாமலே வட்டம் போட்டு மேல மேல போகுது.

“அண்ணன் இன்ஜினீயருக்குப் படிக்கிறாங்க. பறவை எப்படிப் பறக்குதுன்னு அவங்களே சொல்லுவாங்க!” போச்சுடா!

கெத்தா ஆரம்பிச்சேன். “சிறகோட மேல்பக்கம் வளைஞ்சிருக்கும். அதனால மேல போற காத்துக்குத் தூரம் அதிகம். கீழே போற காத்தோட ஒரே நேரத்துல போய்ச் சேரணும்னு அது வேகமா ஓடும். வேகம் கூடினா அழுத்தம் குறையும், அதனால...”

ஒரு பையன் கையைத் தூக்கினான். “புரியலண்ணே. ரெண்டு காத்தும் எதுக்கு ஒண்ணாப் போய்ச் சேரணும்? பேசி வெச்சுக்கிச்சா?”

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வேர்த்துடுச்சு. ஏன்னா, அவன் கேட்டது நூத்துக்கு நூறு சரி! அப்படிச் சேரணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. நிஜத்துல மேல போற காத்து முன்னாடியே போய்ச் சேர்ந்துடும். இந்த விளக்கம் தப்புன்னு நல்ல புத்தகங்கள்ல போட்டிருக்கு. நான்தான் படிக்கல. ரெண்டு வருஷமா மனப்பாடம் பண்ணி எழுதினேனே தவிர, ‘புரியல சார்’னு ஒரு தடவைகூட எழுந்து கேட்டதில்ல. அரியர் ஏன் வந்துச்சுன்னு அந்த மணல்ல நின்னப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

“தெரியலடா. நீயே சொல்லு”ன்னேன்.

அவன் யோசிச்சான். “பாய் மாதிரியாண்ணே? எங்க தாத்தா சொல்லும். பாய் காத்தைத் திருப்பி விடும், காத்து படகைத் தள்ளும்.”

அவ்வளவுதான் விஷயம்! சிறகு காத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பி விடுது, பதிலுக்குக் காத்து சிறகை மேல தூக்குது. நியூட்டனோட மூணாவது விதி. தொண்டிப் பக்கத்துக் கடலோர ஊர்த் திருவிழாக்கள்ல இன்னமும் பாய்மரப் படகுப் போட்டி நடக்குற மாவட்டம் இது. கச்சான் காத்து எப்ப வரும், வாடைக் காத்து எப்ப வரும்னு இந்தப் பசங்களுக்கு வீட்டுலயே பாடம் நடக்குது. கருடன் சிறகை ஆட்டாம ஏறுற ரகசியத்தை மட்டும் நான் சொன்னேன். வெயில்ல சுட்ட தரையிலேர்ந்து சூடான காத்து மேல எழும்பும். அது மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு கருடன் வட்டம் போடுது. “ஓசி லிஃப்ட்டு!”ன்னான் ஒருத்தன். பாம்பன் பாலம் பார்த்து வளர்ற பையனாச்சே!

திரும்பி வருவீங்களா?

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது பள்ளிச் சுவத்துல இருந்த பெரிய திமிங்கலப் படத்தைப் பாராட்டினேன். போன வருஷம் ஒரு காலேஜ் பசங்க கேம்ப் வந்தப்ப வரைஞ்சதாம். “சுவரு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா, ‘அடுத்த மாசம் வர்றோம்’னு சொல்லிட்டுப் போனாங்க. அந்த அண்ணனுங்க எப்ப வருவாங்கன்னு பிள்ளைங்க ரொம்ப நாள் கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க”ன்னாங்க டீச்சர். குறையாகூடச் சொல்லல, சும்மா சொன்னாங்க. எனக்குத்தான் குத்துச்சு. நானும் எத்தனை கேம்ப்ல எத்தனை வாண்டுங்ககிட்ட ‘மறுபடி வர்றேன்’னு சொல்லியிருக்கேன்!

வாசல்ல அந்த நாலாம் வகுப்புப் பொண்ணு நின்னா. நோட்டுல கோடு 20 ஆகியிருந்துச்சு. “நீங்க திரும்பி வருவீங்களாண்ணே?”

வர்றேன்னு சொல்ல வாய் வந்துச்சு. எண்ணத் தெரிஞ்ச பொண்ணாச்சே! தேதி சொல்லாம எப்படிச் சொல்றது? காலண்டரைப் பார்த்து, அரியர் எக்ஸாம் முடியுற வாரத்துச் சனிக்கிழமையைச் சொன்னேன். நோட்டோட கடைசிப் பக்கத்துல, அந்தக் கோடுங்களுக்குக் கீழே அந்தத் தேதியை எழுதிக்கிட்டா.

டிக்கெட் போட்டாச்சு. போகும்போது அந்தக் கோடுங்க நின்னு போயிருக்கணும்னு நீங்களும் வேண்டிக்கோங்க.

நீங்களும் போறீங்களா?

* பள்ளிக்குள்ள போகணும்னா முதல்ல தலைமை ஆசிரியர்கிட்டயும் வட்டாரக் கல்வி அலுவலர்கிட்டயும் அனுமதி வாங்குங்க.
* பிள்ளைங்க போட்டோவை எடுத்து எங்கேயும் போடாதீங்க. சில வீட்டுக் கதை வெளியே போகக் கூடாது.
* கேம்ப்னா பெயின்ட் டப்பாவோட மட்டும் போகாதீங்க. ஒரே ஒரு பாடத்தை ஒழுங்கா தயார் பண்ணிட்டுப் போங்க.
* தனுஷ்கோடிக்கும் போங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல்ல அழிஞ்ச ஊர். தேவாலயம், ரயில் நிலையத்தோட மிச்சம் இன்னும் நிக்குது. அங்கே செங்கல்லைப் பெயர்க்காதீங்க.
* பேய்க்கரும்புல கலாம் நினைவிடம், 2017 ஜூலை 27-ல திறந்தது. ராமேஸ்வரம் போற வழியிலேயே இருக்கு.
* ‘திரும்பி வர்றோம்’னு சொன்னா, தேதி சொல்லுங்க!