திரையில் ஒன்று, உள்ளே இரண்டு

இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும் வழங்கும் தமிழை ஒப்பிடுவது என் ஆய்வு. தோட்டத் தொழில்சார் சொற்கள் இளையோர் பேச்சில் அருகிவிட்டன என்று ஓர் இயலின் முடிவில் எழுதியிருந்தேன். இளையோர் உரையாடல் கோப்பில் ‘கொழுந்து’ என்று தேடியபோது நிரல் தந்த விடை சுழியம். அதுவே என் சான்று. ஆனால் ஓர் இளம்பெண் அச்சொல்லைச் சொல்ல நானே ஒலிப்பதிவு செய்த நினைவு உறுத்தியது. கோப்பைத் திறந்தேன். சொல் கண்ணெதிரே இருந்தது.

தேடிய சொல்லை ஒரு மாறியிலும் கோப்பிலிருந்த சொல்லை மற்றொன்றிலும் இட்டுப் பைத்தானில் ஆராய்ந்தேன். ‘பிரிண்ட்’ இரண்டையும் ஒன்றுபோலவே காட்டியது. சமமா என்று கேட்டால் ‘இல்லை’ என்றது. ‘ரெப்ர்’ செயற்கூறும் உதவவில்லை. பைத்தான் 3இல் அது தமிழ் எழுத்துகளை அப்படியே அச்சிடும். அகலமற்ற இடைவெளி போன்ற புலப்படாக் குறிகளை மட்டுமே எண்ணாக்கிக் காட்டும். ‘லென்’ ஒன்றுக்கு 8 என்றும் மற்றதற்கு 9 என்றும் சொன்னது. (பிஎச்பியின் ‘வார் டம்ப்’ என்றால் 24, 27 பைட் என்று நீளத்தையும் சேர்த்தே காட்டியிருக்கும்.) இறுதியில் ‘ஆஸ்கி’ செயற்கூறு ஒவ்வொரு குறியையும் எண்ணாக விரித்தது. என் விசைப்பலகை ஒகரக் குறியை ஒரே குறியீடாக இட்டிருந்தது. இளையோர் பதிவுகளைத் தட்டச்சு செய்தவரின் விசைப்பலகை கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டிருந்தது.

யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆயினும் ஔகாரக் குறியில் கொம்புக்குப் பின் ‘ள’ எழுத்தைத் தட்டியிருந்தால் அதுவும் கைகொடுக்காது. அவற்றை நாமே தேடித் திருத்த வேண்டும்.

கோப்புகளை இயல்பாக்கி மீண்டும் எண்ணினேன். இளையோர் பேச்சில் கொழுந்து இருந்தது. இயலின் அந்தப் பத்தியை நீக்கிவிட்டு நெறியாளரிடம் காரணத்தைச் சொன்னேன். ஒரு விசைப்பலகையின் வழக்கத்தை ஒரு தலைமுறையின் பேச்சு வழக்கமாக எழுதவிருந்தேன் என்பது இன்னும் கூச்சமாக இருக்கிறது.

தமிழ்த் தரவோடு உழைக்கும் நண்பர்களே, உங்கள் நிரல் ‘இல்லை’ என்று சொன்னால், எழுதுவதற்கு முன் ஒருமுறை ‘ஆஸ்கி’யிடமும் கேளுங்கள்.