பிரபுவின் மகனும் என் பாட்டியும்

ஆங்கில நாட்டில் பிரபுப் பட்டம் வீடு வாசலைப் போன்றது. தந்தை மறைந்தால் மகனுக்குப் போகும். மகளுக்குப் பெரும்பாலும் போகாது. அந்தப் பட்டம் ஓர் இந்தியக் குடும்பத்துக்கும் வந்தது. வந்த கதையைவிட, அது தந்தையிடமிருந்து மகனிடம் போன கதைதான் சுவையானது.

வங்காளத்துப் பாரிஸ்டர் சத்யேந்திர பிரசன்ன சின்கா 1915-இல் பம்பாய்க் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர். 1919-இல் 'ராய்ப்பூர் சின்கா பிரபு' ஆனார். பிரபுக்கள் சபையில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. அவ்வாண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்தை அச்சபையில் நிறைவேற்றித் தந்தவரும் அவரே.

1928-இல் அவர் காலமானார். தந்தை இருந்த ஆசனத்தில் மகன் அருண் குமார் உடனே அமர்ந்தாரா? இல்லை! பட்டம் சட்டப்படி பிறந்த ஆண் வாரிசுக்கே உரியது. பெற்றோரின் திருமணமோ 1880-இல் இந்து முறைப்படி நடந்தது. அக்காலத்தில் அம்முறை ஓர் ஆணுக்குப் பல மனைவியரை அனுமதித்தது. அப்படிப்பட்ட மணத்தில் பிறந்தவர் சட்டப்படியான வாரிசா என்பதே கேள்வி. இத்தனைக்கும் பிரபுவுக்கு மனைவி ஒருவரே. பிள்ளைகள் பிறக்குமுன்பே இருவரும் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்துவிட்டனர். அங்கே ஒருவனுக்கு ஒருத்தி என்பதே நெறி. 1939-இல்தான் சபையின் சிறப்புரிமைக் குழு மகனின் உரிமையை ஒப்புக்கொண்டது. பதினொரு ஆண்டுகள்!

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாட்டியின் நினைவே வந்தது. ஸ்ரீராம்புரத்தில் தாத்தா விட்டுச் சென்றது ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். அதைத் தம் பெயருக்கு மாற்றப் போன பாட்டியிடம் ஓர் அலுவலகத்தில் திருமணப் பத்திரம் கேட்டார்கள். ஊர்க் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்தவரிடம் பத்திரம் ஏது? ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர், தாம் மனைவிதான் என்று மெய்ப்பிக்க இரண்டு ஆண்டுகள் நடந்தார். கடைசியில் தெருவிலிருந்த மூன்று கிழவிகளின் சாட்சிதான் காப்பாற்றியது. "ஊருக்குத் தெரியுது, காகிதத்துக்குத் தெரியலையே!" என்பார் பாட்டி.

நம் அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு பட்டங்களுக்கு விடை கொடுத்தது. இங்கிலாந்திலும் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரின் ஆசனத்தைப் பறித்தது. பட்டங்கள் போகட்டும், அவற்றால் நமக்கு நட்டமில்லை. ஆனால் வாரிசு என்று மெய்ப்பிக்கும் தொல்லை பிரபு வீட்டோடு நிற்கவில்லை. ஓட்டு வீட்டுக்கும் வருகிறது. பிரபுவின் மகனுக்கு வாதாட வழக்கறிஞர்கள் இருந்தார்கள். நம் பாட்டிமார்களுக்கு யார் இருக்கிறார்கள்? எழுதப் படிக்கத் தெரிந்த நாம்தான், நண்பர்களே! இந்த விடுமுறையில் வீட்டுப் பெட்டியைத் திறந்து, யார் பெயரில் எந்தக் காகிதம் இல்லை என்று பாருங்கள். கிழவிகள் இருக்கும்போதே பாருங்கள்.