இல்லாததைக் காட்டும் சாயம்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சின்னச் சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது. வயதாக ஆக, பலருக்கு இது சாதாரணமாகவே வீங்கும். சிலருக்கு இதில் புற்றுநோய் வரும். எது வெறும் வீக்கம், எது புற்றுநோய் என்று பிரித்துச் சொல்வதில்தான் சிக்கல்.

பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். பிஎஸ்ஏ ஒரு புரதம். ரத்தத்தில் அதன் அளவு கூடினால் சந்தேகம் வரும். ஆனால் சாதாரண வீக்கத்திலும், கிருமித் தொற்றிலும்கூட அது கூடும். ஆகவே அதை வைத்து முடிவு கட்ட முடியாது. சுரப்பிக்குள் ஊசி செலுத்தி, வழக்கமாக 10 முதல் 12 இடங்களிலிருந்து நூல் போன்ற திசுத் துணுக்குகளை எடுப்பார்கள். இதுதான் பயாப்சி.

அந்தத் துணுக்குகளை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, 4 அல்லது 5 மைக்ரான் தடிமனில் சீவுவார்கள். அதை அப்படியே மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது! திசுவுக்கு நிறம் இல்லை. அதனால்தான் சாயம் போடுகிறார்கள்.

நூறாண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் பயன்படுவது ஹெமடாக்சிலின், இயோசின் என்ற சாய ஜோடி. முதலாவது, மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் கட்டையிலிருந்து கிடைப்பது. அது செல்லின் உட்கருவை நீலமாக்கும். இயோசின் மற்ற பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும். 1966-ல் அமெரிக்க மருத்துவர் டொனால்ட் கிளீசன், சுரப்பிகளின் அமைப்பு எந்த அளவுக்குக் குலைந்திருக்கிறது என்று பார்த்துப் புற்றுநோயைத் தரம் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைய ரிப்போர்ட்டுகளில் வரும் 'கிளீசன் ஸ்கோர்' அதன் திருத்தப்பட்ட வடிவம்தான்.

பெரும்பாலான நேரங்களில் இந்தச் சாய ஜோடியே போதும். ஆனால் 12 துணுக்குகளில் ஏதோ ஒரு மூலையில் நாலைந்து சுரப்பிகள் மட்டும் சந்தேகமாகத் தெரிந்தால்? புற்றுநோய் என்று தவறாகச் சொன்னால், தேவையில்லாத சிகிச்சை; அதனால் சிறுநீரை அடக்கும் திறனும் தாம்பத்திய வாழ்வும் பாதிக்கப்படலாம். இல்லை என்று தவறாகச் சொன்னால், நோய் சத்தமில்லாமல் வளரலாம்.

இங்கே உதவுவது ஆன்டிபாடியைக் கொண்டு சாயமேற்றும் முறை. நல்ல சுரப்பியில் செல்கள் இரண்டு அடுக்காக இருக்கும். வெளி அடுக்கில் இருப்பவை அடித்தளச் செல்கள். புற்றுநோய்ச் சுரப்பியில் இந்த வெளி அடுக்கு இருக்காது. பி63 என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் போட்டால், நல்ல சுரப்பியின் ஓரத்தில் அந்தச் செல்களின் உட்கருக்கள் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். புற்றுநோயில் அந்தப் புள்ளிகள் காணாமல் போயிருக்கும். தணிக்கையில், இருக்கவேண்டிய ரசீது இல்லாததே கேள்வியை எழுப்புவது போலத்தான் இது.

ஆனால் இல்லாததை மட்டும் நம்பினால் போதுமா? போதாது. சாதாரணச் சுரப்பிகளிலும் சில சமயம் அந்த அடுக்கு விட்டுவிட்டு இருக்கும். அதனால் புற்றுநோய்ச் செல்களில் அதிகமாகக் காணப்படும் ஏஎம்ஏசிஆர் என்ற நொதியையும் சேர்த்துத் தேடுகிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் இது புழக்கத்துக்கு வந்தது. ஒரே கண்ணாடித் தகட்டில் இதைச் சிவப்பாகவும், அடித்தளச் செல்களைப் பழுப்பாகவும் காட்ட முடியும். சிவப்பு இருந்து, பழுப்பு இல்லை என்றால் சந்தேகம் வலுக்கும். இதற்கும் விதிவிலக்குகள் உண்டு. சில புற்றுநோய்களில் சிவப்பு வராது. புற்றுநோய் அல்லாத சில மாற்றங்களில் வரும்.

ஆக, சாயம் சாட்சி மட்டுமே. தீர்ப்புச் சொல்வது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர். நோயாளியின் குடும்பத்தினர் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பரிசோதனை முடிந்ததும் அந்த மெழுகுக் கட்டியையும் தகடுகளையும் தூக்கி எறிந்துவிடுவதில்லை; ஆய்வகத்தில் பாதுகாத்து வைக்கிறார்கள். ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால், மீண்டும் ஊசி குத்தாமலே அவற்றை வேறொரு மருத்துவரிடம் காட்டி இரண்டாவது கருத்துக் கேட்கலாம். ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.