மாய வீட்டுக்கு மறுபடியும்: கொல்கத்தாவில் ஒரு மார்கழி ஞாயிறு

காலை ஏழரை மணி. கொல்கத்தாவின் சதர் தெருவில் பனிமூட்டம் இன்னும் முழுசாக விலகவில்லை. டீக்கடை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள் எல்லாருமே குரங்குக் குல்லா போட்டிருக்கிறார்கள். 13, 14 டிகிரிக்கே இந்த ஊர் ஸ்வெட்டர், சால்வை என்று களைகட்டிவிடுகிறது. கொல்கத்தாக்காரர்கள் வருஷம் முழுக்கக் காத்திருப்பது இந்த இரண்டு மாதக் குளிருக்காகத்தான்.

பெஞ்சின் ஓரத்தில், சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் காலில் கேன்வாஸ் ஷூவுமாக ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். திருச்சிப் பக்கம் அரசுப் பள்ளியில் 30 வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். வயது 60. கூட யாரும் இல்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தனியாக ஊர் பார்க்க வந்திருக்கிறார்.

நேற்று இரவு விடுதி அறைக் கதவைத் தாழ் போட்டு, அதற்கு முட்டுக்கொடுத்து ஒரு நாற்காலியும் வைத்துவிட்டுத்தான் படுத்தார். தனியாக ஹோட்டலில் போய் உட்காரக் கூச்சப்பட்டு, பிஸ்கட்டோடு ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிட்டது. போனில் மகள் சொன்னாள், "அம்மா, பயமா இருந்தா சொல்லு. டிக்கெட்டை மாத்திடறேன். நாளைக்கே வந்துடு."

"நாளைக்கு ஒரு நாள் பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்த ஒரு நாள் இதோ, சுடச்சுடப் பட்டாணிக் கச்சோரியோடு தொடங்கிவிட்டது.

குளிர்காலப் பச்சைப் பட்டாணியை அரைத்து, இஞ்சி, பெருங்காயம் சேர்த்து வதக்கி, உள்ளே வைத்துப் பொரித்த பூரி அது. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குழம்பு. கடைசியில் மண் குவளையில் டீ. குடித்து முடித்ததும் குவளையைக் கூடையில் போட்டுவிட வேண்டும். கடைக்காரர் "மாஷிமா, இன்னும் ஒண்ணு?" என்று சைகையில் கேட்கிறார். மாஷிமா என்றால் பெரியம்மா, சித்தி மாதிரி. அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி பயம் போய்விடுகிறது.

40 நிமிஷமும் 22 வருஷமும்

இந்த ஊர் அவருக்குப் புதிதல்ல. 22 வருஷத்துக்கு முன்னால் காசி, கயா, கொல்கத்தா என்று 40 பேரோடு டூர் பஸ்ஸில் வந்தவர்தான். அப்போது இந்திய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த நேரம் 40 நிமிஷம். கையில் சாப்பாட்டுப் பை, இடுப்பில் தூங்கும் குழந்தை, கண்ணெல்லாம் தலை எண்ணுவதில். எகிப்திய மம்மியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு கூடத்தின் வாசல் வழியாகச் செந்நிறக் கல் தூண்கள் தெரிந்தன. பர்ஹுத்! வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிற அதே பர்ஹுத். ஒரு எட்டு வைப்பதற்குள் வழிகாட்டி கூப்பிட்டுவிட்டார், "பஸ் கிளம்புது, எல்லாரும் வாங்க!"

அந்த ஒரு கூடத்துக்காகத்தான் இப்போது இவ்வளவு தூரம்.

இந்திய அருங்காட்சியகம் 1814-ல் தொடங்கியது. டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர் நத்தானியல் வாலிக்கின் முயற்சியால், ஏசியாட்டிக் சொசைட்டியில் உருவானது. நாட்டிலேயே பழமையான அருங்காட்சியகம் இதுதான். சௌரங்கி சாலையில் இப்போதிருக்கும் வெள்ளைக் கட்டடம் 1878-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் இதை 'ஜாதுகர்' என்கிறார்கள். மாய வீடு என்று அர்த்தம்.

பத்து மணிக்குக் கதவு திறந்ததும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நேராக மம்மி இருக்கும் இடத்துக்கு ஓடுகிறது. டீச்சர் ஓடவில்லை. ராம்பூர்வா அசோகத் தூணின் சிங்கத் தலையை நிதானமாகச் சுற்றிவருகிறார். ராம்பூர்வாவில் கிடைத்த இன்னொரு தூணின் தலையான காளை, டெல்லி குடியரசுத் தலைவர் மாளிகையில் இருக்கிறது. "சிங்கம் கல்கத்தா, காளை டெல்லி" என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தவர், இன்றுதான் அந்தச் சிங்கத்தின் முகத்தைப் பார்க்கிறார்.

அப்புறம், அந்தக் கூடம்.

மத்தியப் பிரதேசத்தின் சத்னா மாவட்டத்தில் இருக்கிறது பர்ஹுத். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த பௌத்தத் தூபியைச் சுற்றிய கல்வேலிதான் இது. 1873-ல் அலெக்சாண்டர் கன்னிங்காம் கண்டுபிடித்தபோது, தூபியின் கற்களில் பெரும்பகுதியைச் சுற்றுவட்டார மக்கள் வீடு கட்ட எடுத்துப் போயிருந்தார்கள். மிஞ்சியவை கொல்கத்தாவுக்கு வந்து பிழைத்தன.

வேலியின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு புரவலர். தூண் கொடுத்தவர், குறுக்குக் கல் கொடுத்தவர் என்று பிராமி எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறது. அரச குடும்பத்தார் மட்டுமில்லை, பிக்குணிகளும் சாதாரணக் குடும்பத்துப் பெண்களும் அதில் இருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று எழுதுவோமே, அதற்கு 2,000 வருஷத்துக்கு மேற்பட்ட அக்கா என்று சொல்லலாம்.

ஒரு வட்டச் சிற்பத்தில் மாட்டு வண்டியில் வந்த காசுகளைத் தரையில் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். புத்தருக்காக ஜேதவனத் தோட்டத்தை, நிலம் மறையும் அளவுக்குக் காசு பரப்பி வாங்கிய வணிகர் அனாதபிண்டிகரின் கதை. கரும்பலகையில் டீச்சர் எத்தனையோ முறை வரைந்த படம். அவர் வரைந்ததில் மாடுகள் வண்டியில் பூட்டியிருக்கும். இங்கே மாடுகளை அவிழ்த்துவிட்டு, வண்டியைச் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். மாடுகள் ஓய்வெடுக்கின்றன. 'இத்தனை வருஷம் தப்பாக வரைந்திருக்கிறோமே' என்று அவருக்குச் சிரிப்பு வருகிறது.

இன்னொரு தூணில் ஓர் ஏணி. சொர்க்கத்திலிருந்து புத்தர் இறங்கி வருகிற காட்சி. ஆனால் புத்தர் இல்லை. மேல்படியில் ஒரு பாதச்சுவடு, கீழ்ப்படியில் ஒரு பாதச்சுவடு, அவ்வளவுதான். புத்தரை மனித உருவில் செதுக்காத காலம் அது. மரம், சக்கரம், காலியான ஆசனம், பாதம் என்று அடையாளங்கள் மட்டுமே. இல்லாத ஒருவரை இரண்டு பாதங்களால் காட்டிவிட்டான் சிற்பி.

டீச்சர் உட்கார்ந்துவிட்டார். யாரும் 'போகலாமா' என்று கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது மணி ஒன்றரை.

இலைக்கும் கணக்கு உண்டு

பசி வந்துவிட்டது. நேற்றைய கூச்சமும் கூடவே வந்துவிட்டது. ஆனால் ஜான்பஜார் பக்கத்து 'பைஸ் ஹோட்டல்' கூச்சப்பட இடமே கொடுப்பதில்லை. காலி நாற்காலி எங்கே இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டியதுதான். ஒரே மேஜையில் நாலு பேர், நாலு பேரும் நாலு இடத்திலிருந்து வந்தவர்கள்.

பைஸ் என்றால் அந்தக் காலச் சில்லறைக் காசு. வேலைக்கும் படிப்புக்கும் நகரத்துக்கு வந்து தனியாகத் தங்கியவர்களுக்காகத் தொடங்கிய சாப்பாட்டுக் கடைகள் இவை. சோறு, பருப்பு, மீன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. பழைய வழக்கப்படி வாழை இலைக்கும் தனிக் கணக்கு. தனியாக வந்து, கையில் இருக்கிற காசுக்கு ஏற்றபடி சாப்பிடுகிறவர்களுக்கென்றே உருவான கணக்கு இது!

டீச்சர் முதலில் மீனில் கை வைக்கப் போகிறார். எதிரே இருந்த பெண்மணி சிரித்துக்கொண்டே சுக்தோவைக் காட்டுகிறார், 'முதலில் இது'. பாகற்காய், வாழைக்காய், முருங்கைக்காய் போட்டு, லேசாகக் கசக்கும் குழம்பு. வங்காளச் சாப்பாடு கசப்பில் தொடங்கி இனிப்பில் முடிகிறது. அடுத்து பருப்பு. அதற்கடுத்து காலிஃபிளவர் போட்ட பேட்கி மீன் குழம்பு. பேட்கி வேறெதுவும் இல்லை, நம் கொடுவாதான். முடிவில் தக்காளியும் பேரீச்சையும் சேர்ந்த இனிப்புச் சட்னி, அப்பளம்.

கை கழுவும்போது அவருக்கு ஒன்று தோன்றுகிறது. கல்யாணமான நாளிலிருந்து, யாருக்கும் பரிமாறாமல் ஒரு முழுச் சாப்பாட்டை ஆற அமரச் சாப்பிட்டது எத்தனை தடவை?

படிக்கட்டில் பாதச்சுவடு

எஸ்பிளனேடிலிருந்து நேதாஜி பவனுக்கு மெட்ரோ. 1984 அக்டோபர் 24 அன்று இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் ஓடியது இதே பாதையில்தான். நேதாஜி பவன் நிலையத்தின் அப்போதைய பெயர் பவானிபூர். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் எல்ஜின் சாலை வீடு. நேதாஜியின் தந்தை ஜானகிநாத் போஸ் கட்டியது.

1940 டிசம்பரில், சிறையில் உண்ணாவிரதமிருந்து விடுதலையான சுபாஷ், இந்த வீட்டில் போலீஸ் காவலுக்கு நடுவே இருந்தார். 1941 ஜனவரி 16, 17-க்கு இடைப்பட்ட குளிர்கால இரவில், வட இந்திய முஸ்லிம் வேடத்தில் வெளியேறினார். அண்ணன் மகன் சிசிர் ஓட்டிய வாண்டரர் கார் இன்றும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. அந்தக் காரில் போய், கோமோ நிலையத்தில் ரயில் ஏறிப் பெஷாவர் சென்றார்.

அதற்குப் பின் நடந்ததுதான் டீச்சருக்கு ரொம்பப் பிடித்த கதை. அவர் தனிமையில் தியானத்தில் இருப்பதாகச் சொல்லி, அறைக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்த இளையவர்கள் அதைச் சாப்பிட்டுத் தட்டைக் காலி செய்தார்கள். ஜனவரி 26 வரை வெளியே யாருக்கும் தெரியவில்லை.

அவர் இறங்கிப்போன வழியைப் பாதச்சுவடுகளாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். படிக்கட்டில் அதைப் பார்த்ததும் டீச்சர் நின்றுவிட்டார். காலையில் பார்த்த ஏணியும் அதன் இரண்டு பாதங்களும் நினைவுக்கு வந்துவிட்டன.

தனியாகப் புறப்பட்டவர் என்று பாடம் நடத்தியிருக்கிறார். ஆனால் கார் ஓட்ட ஒருவர், தட்டைக் காலி செய்ய நாலு பேர். அவருக்கும்தான், டிக்கெட் எடுத்துக் கொடுத்தவள் மகள். வாசல் செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர் பக்கத்து வீட்டு அக்கா.

குளிர் தந்த வெல்லம்

ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பவானிபூர் இனிப்புக் கடைகளில் ஒரே கூட்டம். எல்லாரும் கேட்பது நோலன் குர் சந்தேஷ். ஈச்ச மரத்தைச் சீவி, ராத்திரி முழுக்கப் பானையில் சொட்டவிட்டு, விடிகாலையில் இறக்கிக் காய்ச்சிய வெல்லம்தான் நோலன் குர். நம் பனையேறிகள் பதநீர் இறக்குவது கோடையில். இவர்களுக்கோ குளிர்தான் பருவம், வெயில் ஏறினால் முடிந்தது. பாலாடைக்கட்டியோடு இந்த வெல்லம் சேர்ந்த சந்தேஷ் வாயில் கரையும்போது, புகை மணத்தோடு கருப்பட்டி ஞாபகம் வருகிறது. வீட்டுக்குக் கொண்டுபோக, புவிசார் குறியீடு பெற்ற ஜெய்நகர் மோவா ஒரு பெட்டி. கனக்சூர் நெல்பொரியும் இதே வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை.

இப்படி ஒரு நாளைத் திட்டமிடுகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் போவது நல்லது. அருங்காட்சியகம், நேதாஜி பவன் இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் சாப்பாட்டு நேரம்தான் அடிபடும்.

கடை வாசலில் நின்றபடியே மகளுக்குப் போன்.

"அம்மா, சாப்பிட்டியா? டிக்கெட்டை மாத்தட்டுமா?"

"வேண்டாம்டா. நாளைக்குத் திங்கட்கிழமை, மியூசியமெல்லாம் லீவு."

"அப்ப என்னதான் பண்ணப் போறே?"

"படகுல ஏறி ஹூக்ளி ஆத்தைத் தாண்டி ஹௌரா போயிட்டு வரப்போறேன். அப்புறம் அந்தப் பைஸ் ஹோட்டல். இன்னும் ரெண்டு மீன் பாக்கி இருக்கு."

அன்று இரவு அறைக் கதவுக்குத் தாழ் மட்டும் போட்டார். நாற்காலியில் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்தார்.