நிறைவென்னும் உறக்கம்

நிறைவு வேறு, நிறைந்துவிட்டோம் என்னும் நினைப்பு வேறு. முன்னது மனிதனை நன்றியுள்ளவனாக்கும். பின்னது அவனை உறங்கவைக்கும். செல்வத்திற்கும் கல்விக்கும் பொருந்தும் இவ்வுண்மை, இறைப்பற்றுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். கோயில் கட்டியாயிற்று, மணி தவறாமல் ஒலிக்கிறது, ஞாயிறு ஆராதனைக்கு இருக்கைகள் நிரம்புகின்றன, அறுப்பின் பண்டிகையில் காணிக்கைக்கும் குறைவில்லை. இவ்வளவும் இருக்கையில் இன்னும் என்ன வேண்டும் என்று எண்ணும் மனநிலையே ஆன்மிக உறக்கத்தின் தொடக்கம். இவ்வுறக்கத்தில் ஆழ்ந்திருப்போர் தீயவர் அல்லர், பெரும்பாலும் நல்லவர்கள். அதனாலேயே அவர்களை எழுப்புவது கடினமாகிறது.

அத்தகைய நல்லவர் ஒருவர் விழித்தெழுந்த வரலாறு தமிழ்க் கிறிஸ்தவர் யாவரும் அறியத்தக்கது. அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் தாமஸ் வேதநாயகம் கிராமச் சபையின் குருவானவர். பனைமரங்கள் சூழ்ந்த அந்தச் செம்மண் பூமியில் நற்செய்தியின் விதை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஊன்றப்பட்டிருந்தது. குளோரிந்தா என்னும் பெண்மணியின் முயற்சியால் பாளையங்கோட்டையில் 1785இல் ஒரு சிறு கோயில் எழுந்தது. பின்னர் ஊர்தோறும் கோயிலும் அதனருகே பள்ளியும் தோன்றின. அசரியாவின் இளமைக் காலத்தில் அச்சபை தென்னிந்தியாவின் பெருஞ்சபைகளுள் ஒன்றாகப் புகழ்பெற்றிருந்தது. தாத்தா காலத்திலேயே வேதம் ஏற்ற குடும்பங்கள் எத்தனையோ இருந்தன.

அசரியாவும் வாளாவிருந்தவர் அல்லர். 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்திய நகரங்களில் இளைஞரிடையே உழைத்தார். ஊழியத்தில் ஊக்கம் மிக்கவர் என்று பலரும் அவரைப் போற்றினர். தம் சபையில் ஏதோ ஒரு குறை இருப்பதாக அவருக்கே அந்நாளில் தோன்றியிராது.

1902ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணத்திற்குச் சென்றார். அமெரிக்க மிஷனெரிமார் 1816இல் வந்திறங்கிய நாடு அது. அங்கிருந்த கிறிஸ்தவர்கள் தொகையில் திருநெல்வேலியாரைவிடச் சிறியவர்கள். எனினும் அவர்களுடைய மாணவர்களும் ஆசிரியர்களும் தமக்கென ஒரு மிஷனெரி சங்கம் அமைத்திருந்தார்கள். தங்கள் கைப்பணத்தைச் சேர்த்து, தங்களுள் ஒருவரைக் கடல் கடந்து தமிழ்நாட்டின் தொண்டிப் பகுதிக்கு அனுப்பியிருந்தார்கள். தாம் பெற்றதைப் பிறருக்குத் தருவது அவர்களுக்குச் சுமையாக இல்லை. அதை அவர்கள் பேறாகக் கருதினார்கள்.

அசரியாவை அங்கே எவரும் கடிந்துகொள்ளவில்லை. உங்கள் சபை யாரை எங்கே அனுப்பியிருக்கிறது என்று ஒருவரும் வினவவில்லை. வினவ வேண்டிய தேவையும் எழவில்லை. அவ்வினா அவர் உள்ளத்திலேயே எழுந்தது. நூறாண்டுக்கு மேலாக வாங்கியே வாழ்ந்த தம் சபை, பிறமொழி பேசுவோர் எவருக்கும் எதையும் கொடுக்கவில்லையே என்று அவர் நாணினார். கண்டனத்தால் விழிப்போர் சிலர். பிறருடைய மகிழ்ச்சியைக் கண்டு விழிப்போர் சிலர். அசரியா இரண்டாம் வகையினர். அவருடைய நாணம் சோர்வாகத் தேயாமல் செயலாக மாறியதற்குக் காரணமும் அதுவே. குற்ற உணர்வு மனிதனைக் குனியவைக்கும்; பிறர் முகத்தில் கண்ட ஒளியோ அவனை நடக்கவைக்கும்.

ஊர் திரும்பியவர் நண்பர்களோடு கூடிப் பேசினார், இறைவனிடம் மன்றாடினார். 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஊழியரும் இந்தியர், பொருளும் இந்தியருடையது, நிருவாகமும் இந்தியர் கையில் என்பதே அதன் கொள்கை. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஹைதராபாத் நிசாமின் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்னக்கல் அதன் ஊழியக் களமாயிற்று. அங்குள்ளோர் பேசும் மொழி தெலுங்கு, உணவு வேறு, பழக்கவழக்கம் வேறு. பனங்காட்டுத் தமிழருக்கு அது அயல்நாடே எனலாம். 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தோன்றியபோதும் அசரியா அதன் முன்னணியில் நின்றார்.

எனினும் பிறரை அனுப்புவதோடு அவர் நின்றிருந்தால் மற்றோர் உறக்கம் அவரைப் பற்றியிருக்கும். சங்கம் அமைத்தாயிற்று, அறிக்கை எழுதியாயிற்று என்னும் மனநிறைவு அது. போகும்படி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர், தாமே போகவேண்டும் என்று உணர்ந்தார். 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தோர்னக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார். தலைவராகப் போற்றப்பட்டவர் தெலுங்கு மொழியைக் கற்கும் மாணவரானார். மனைவி அன்பு மரியம்மாளும் அப்பணியில் தோள்கொடுத்தார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாத் தூய பவுல் பேராலயத்தில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அவர் அபிஷேகம் பெற்றார்.

தோர்னக்கல்லில் நற்செய்தியை முதலில் பெருந்திரளாக ஏற்றோர், தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டிருந்த மாலர், மாதிகர் ஆகிய ஏழை மக்கள். எழுத்தறிவு அவர்களுள் மிகச் சிலருக்கே இருந்தது. இவர்களுக்குக் கற்பிக்கவே காலம் போதாது, இவர்கள் பிறருக்கு எதைக் கற்பிப்பார்கள் என்று எண்ணுவது இயல்பு. அசரியா அவ்வாறு எண்ணவில்லை. சபையில் சேர்க்கும் வேளையில் ஒவ்வொருவரையும் தம் கையைத் தம் தலைமேல் வைக்கச் செய்வார்; திருமுழுக்குப் பெற்ற தாம் நற்செய்தியை அறிவியாதிருந்தால் தமக்கே கேடு என்று பொருள்படும் உறுதிமொழியைச் சொல்லச் செய்வார். பெற்ற அன்றே கொடுக்கும் கடமையும் தொடங்கிவிடுகிறது. உறங்குவதற்கு இடைவெளியே இல்லை!

ஆண்டுதோறும் சாட்சி வாரம் ஒன்றும் அங்கே நடைபெற்றது. கூலிவேலை செய்யும் ஆண்களும் பெண்களும் குழுக்குழுவாகப் பாடிக்கொண்டு அண்டையூர்களுக்குச் சென்றார்கள். வாதம் புரிய அவர்களுக்குத் தெரியாது. தங்கள் வாழ்வில் நேர்ந்ததை மட்டும் சொன்னார்கள்: குடி நின்றது, வீடு தூய்மையானது, பிள்ளை எழுதப் படிக்கக் கற்றது, அச்சம் அகன்றது. அம்மாறுதலைக் கண்ணாரக் கண்ட உயர்சாதியினர் சிலரும், தாங்கள் ஒதுக்கிவைத்த மக்களிடமே கேட்டறிந்து சபையை நாடி வந்தனர். அசரியாவின் காலத்திலேயே அம்மறைமாவட்டத்துக் கிறிஸ்தவர் தொகை ஏறத்தாழ இரண்டு லட்சமாகப் பெருகியது. பாட்டனார் காலத்திலிருந்து வேதம் படித்தவர்கள் வாய்திறக்கத் தயங்க, நேற்று வந்தவர்கள் பாடிக்கொண்டு சென்றது ஏன்? முன்னவருக்கு அது பழகிய பொருள். பின்னவருக்கு அது இன்னும் செய்தியாகவே இருந்தது.

நற்செய்தியைப் பகிர்வது மேலிருந்து கீழே வழங்கும் கொடையன்று என்பதிலும் அசரியா உறுதியாக இருந்தார். 1910இல் எடின்பரோ மாநாட்டில், பொருளும் தியாகமும் தந்த வெளிநாட்டு மிஷனெரிமாரிடம் அவர் வேண்டியது நட்பை. சமமாக அமர்ந்து உண்ணாதவன் சொல்லும் நற்செய்தி செவியளவில் நின்றுவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1930களில் காந்தியடிகள் மதமாற்றங்களைக் கடுமையாகக் குறைகூறினார். அசரியா தம் பணியைக் கைவிடவில்லை. ஆயினும், கிறிஸ்தவருக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம் என்று எதிர்த்தவரும் அவரே. எண்ணிக்கையை அரசியல் ஆதாயமாக்க அவர் விரும்பவில்லை. மகிழ்ச்சியைப் பகிர்பவனுக்கு வற்புறுத்தல் தேவையில்லை, பேரம் தேவையில்லை, கேட்பவரின் விருப்பத்தை மதிக்கும் பணிவு மட்டும் தேவை.

கால் நூற்றாண்டு உழைப்பில் உருவான தோர்னக்கல் பேராலயம் 1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இந்து, இஸ்லாமியக் கட்டடக் கலைகளின் சாயலை ஏற்று எழுந்த ஆலயம் அது. 1945 ஜனவரி முதல் நாளில் அசரியா மறைந்தார்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளுக்கு இவ்வரலாறு தொலைதூரக் கதையன்று. இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுள் பல, தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்களே. நாணம் கொண்ட ஊரும், நாணச் செய்த ஊரும் அவர்களுக்குச் சொந்த ஊர்களே. தோட்டத்துச் சிறு கோயிலில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் பாடிய முன்னோர்க்கு இருக்கைகளும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. பாடிவிட்டுத் திரும்பும் வழியில் அடுத்த லயத்து வீட்டில் நோயுற்றவரைக் காணச் செல்லும் கால்கள் மட்டும் இருந்தன. இன்று கோயில்களில் வசதிகள் பெருகியுள்ளன. வசதி குற்றமாகாது, அக்கால்கள் ஓய்ந்துவிட்டால் அதுவே குற்றம்.

அடுப்பில் நெருப்பு உண்டா என்று அறியச் சாம்பலை எண்ணிப் பார்ப்பார் இல்லை. அண்டைவீட்டார் ஒரு கங்கு கேட்டு வரும்போது, எடுத்துக் கொடுக்க இருக்கிறதா என்பதே கேள்வி. கொடுத்த வீட்டில் நெருப்பு குறைந்ததும் இல்லை.