ஒரே தெருவில் இரண்டு கடைத்தெரு



அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கிறது கேரி. மாநிலத் தலைநகர் ராலேவை ஒட்டிய புறநகர் இது. 1960-இல் இங்கே 3,400 பேர்கூட இல்லை. 2020 கணக்கெடுப்பில் 1,74,721 பேர். பக்கத்தில் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் என்ற ஆய்வு, தொழில்நுட்ப வளாகம் எழுந்ததும், ஐ.பி.எம்., சாஸ் போன்ற கணினி நிறுவனங்கள் கடை விரித்ததும் காரணம். அந்த வேலைகளை நம்பி வந்தவர்களில் நம்மவர்களும் ஏராளம். இத்தனை ஜனம் குவிந்த ஊரில் பழைய கடைத்தெரு மட்டும் பல காலம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

கேரி, ரயிலால் பிறந்த ஊர். ஃபிராங்க் பேஜ் என்ற மரவியாபாரி ரயில் பாதையோரம் நிலம் வாங்கி, 1868 வாக்கில் பயணிகளுக்காக ஒரு செங்கல் விடுதி கட்டினார். 1871-இல் ஊர் முறைப்படி நகரமானது. மதுவிலக்குக்காக மேடை மேடையாக முழங்கிய சாமுவேல் ஃபென்டன் கேரி என்பவரின் பெயரைத்தான் பேஜ் ஊருக்குச் சூட்டினார். அந்த ஊரின் மையத்தில் இன்று சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் கடைகள் களைகட்டுவதை அந்த மதுவிலக்குக்காரர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

கார் வந்தது, புதுக் குடியிருப்புகள் எல்லாம் நெடுஞ்சாலைகளை ஒட்டி முளைத்தன. 1979-இல் பெரிய மால் திறந்தது. குளிர்சாதனம், காசில்லாமல் கார் நிறுத்த இடம், எல்லாக் கடையும் ஒரே கூரையின் கீழ். பழைய கடைத்தெருவான அகாடமி தெருவிலும் சாட்டம் தெருவிலும் இருந்த சில்லறைக் கடைகள் அதோடு போட்டி போட முடியுமா? ஆனால் மாலின் ஆயுசும் கெட்டியில்லை. இணைய வணிகம் அதன் கழுத்தைப் பிடித்தது. 2021-இல் ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டைத் தயாரிக்கும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 9.5 கோடி டாலருக்கு அதை வாங்கி, பிறகு இடித்துத் தள்ளியது. அங்கே கட்டுவதாகச் சொன்ன தலைமையகமோ குறித்த காலத்தில் எழவில்லை.

பழைய கடைத்தெரு எப்படி எழுந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய கதை. நகராட்சி கடைகளுக்கு ஆள் பிடிக்க அலையவில்லை. முதலில் ஊர்க்காரர்கள் 1985-இல் ஒரு சங்கமாகச் சேர்ந்து, பாழடைந்து கிடந்த பேஜ் விடுதியைக் காப்பாற்றினார்கள். அது கலை, வரலாற்று மையமானது. 2011-இல் பழைய பள்ளிக் கட்டடம் கலை அரங்கமானது. 1946-இல் திறந்து, மூடப்பட்டு, பிறகு வேறு வேறு கடைகளாகிப்போன சினிமா கொட்டகையை நகராட்சியே வாங்கிப் புதுப்பித்து 2014-இல் மறுபடி திறந்தது. 2019-இல் அடுக்குக் கார் நிறுத்தத்தோடு புது நூலகம் வந்தது. 2023 நவம்பரில் ஏறக்குறைய 6.9 கோடி டாலர் செலவில் 7 ஏக்கர் பூங்கா திறந்தது. எதுவும் லாபம் பார்க்கும் இடமல்ல. ஆனால் பொருள் வாங்காமலும் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க ஜனங்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. கூட்டம் சேர்ந்த பிறகு கடைகள் தாமாகவே தேடி வந்தன.

சனிக்கிழமை மாலை பூங்காவுக்குப் போனால் இது புரியும். மாநிலப் பறவையான கார்டினலை மரத்தில் பிரம்மாண்டமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் அதன் வயிற்றுக்குள் புகுந்து ஏறி விளையாடுகிறார்கள். நாய்களுக்கு வேலி போட்ட தனித் திடல். பக்கத்திலேயே அவற்றின் எஜமானர்களுக்குப் பானக் கடை. புடவைக்குக் கீழே ஸ்னீக்கர் மாட்டிய பாட்டிமார், தள்ளுவண்டியின் அடித்தட்டில் நூலகப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு பேரனோடு வலம் வருகிறார்கள்.

சரி, பூங்காவும் கூட்டமும் வந்தால் அடுத்து என்ன வரும்? வாடகை உயரும். பொதுப் பணத்தால் கூடிய மதிப்பு நில உரிமையாளரின் பைக்குப் போகிறது. எட்டு மேஜை போட்டு இட்லிக் கடை வைக்க நினைப்பவருக்கு அங்கே கட்டுப்படியாகாது.

அதே சாட்டம் தெருவில் ஊர் மையத்திலிருந்து கிழக்கே சுமார் ஒரு மைல் போய்ப் பாருங்கள். காலத்தால் பின்தங்கிய தாழ்வான கடை வளாகங்கள். முன்னால் வெடிப்பு விட்ட கார் நிறுத்தம். அழகென்று எதுவும் கிடையாது. ஆனால் முருங்கைக்காய், இட்லி அரிசி, நல்லெண்ணெய், சூடான தோசை, புருவம் திருத்தும் கடை எல்லாம் அங்கேதான். ஊர் மெச்சும் திட்டம் எதுவும் போடாமல், வாடகை கம்மி என்ற ஒரே காரணத்துக்காகப் புலம்பெயர்ந்தவர்கள் குடியேறி உயிர் கொடுத்த கடைத்தெரு அது. புதுத் தொழில்களுக்குப் பழைய, மலிவான கட்டடங்கள் தேவை என்று நகர வாழ்வைப் பற்றி எழுதிய ஜேன் ஜேகப்ஸ் 1961-லேயே வாதிட்டார். அதற்குக் கிழக்குச் சாட்டம் தெருவைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

கேரிவாசிகளும் இப்போது கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 2024 நவம்பரில் பூங்கா, பொழுதுபோக்குத் திட்டங்களுக்காக 56 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட நகராட்சி அனுமதி கேட்டது, வாக்காளர்கள் கைவிரித்துவிட்டார்கள். பூங்காவை அனுபவிப்பது வேறு, அடுத்ததற்குச் சொத்து வரி கட்டுவது வேறு.

கேரியின் பூங்காவை நான் குறை சொல்லவில்லை. நானும் அங்கே போய் உட்காருகிறவன்தான். பொது இடத்தை முதலில் கட்டி வியாபாரத்தைப் பின்னால் வரவிட்டது புத்திசாலித்தனம். ஆனால் பழைய கடைத்தெருவைச் சீரமைக்கும் எந்த ஊரும், சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகும் வாடகையையும் திட்டத்துக்குள்ளேயே எழுதி வைக்க வேண்டும். பணக்காரர் மட்டும் காபி குடிக்கிற தெருவைப் புத்துயிர் பெற்ற தெரு என்று சொல்ல முடியாது.

கேரி தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2022 தீபாவளியன்று நம் வெங்கடேசுவரர் கோயிலின் 87 அடிக் கோபுரம் திறந்தபோது திரண்டு வந்தோம். கிழக்குச் சாட்டம் தெருக் கடை வளாகங்கள் போன்ற இடங்களில் என்ன கட்டலாம் என்ற நில மண்டல விதியை மாற்றுவது பற்றி நகராட்சி மன்றம் பொது விசாரணை நடத்தும் நாட்களிலும் வாருங்கள். கடையை வைத்திருப்பவருக்கு அன்று கடையை விட்டு வர முடியாது. அவர் கடையில் அரிசி வாங்குகிற நாம்தான் பேச வேண்டும்.