இன் த ஃபேமிலி: ஒரு வீடு, ஒரு உயில், கொஞ்சம் கண்ட்ரி பாட்டு

டிஸ்கி: கதை முக்கால்வாசி கீழே வந்துடும். முடிவை மட்டும் விட்டு வெச்சிருக்கேன். கதை தெரியாமத்தான் பார்ப்பேன்னு அடம் பிடிக்கிறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க.

வாரம் முழுக்க ஆணி புடுங்கிட்டு வர்றவன் சனிக்கிழமை ராத்திரி என்ன படம் பார்ப்பான்? கார் பறக்கணும், நாலு பேர் சுருண்டு விழணும், ஒன்றரை மணி நேரத்துல முடியணும். 'இன் த ஃபேமிலி' 169 நிமிஷம். பறக்கிற கார் கிடையாது. ஒரு கார் விபத்து உண்டு, அதையும் காட்ட மாட்டார்கள். நாப்பதாவது நிமிஷத்துல ரூம்மேட் "மச்சி, கதை எப்படா ஆரம்பிக்கும்?"னு கேட்டுட்டு தூங்கப் போயிட்டான். நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து பார்த்து முடிச்சேன். அதுக்கப்புறமும் தூக்கம் வரலை.

2011ல வந்த அமெரிக்கப் படம். எழுதி, இயக்கி, முக்கிய வேடத்தில் நடித்தும் இருப்பவர் பேட்ரிக் வாங். தைவானிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, டெக்சாஸ்காரர், எம்.ஐ.டி.யில் பொருளாதாரம் படித்தவர். (எம்.ஐ.டி.ன்னா குரோம்பேட்டை இல்லீங்க, பாஸ்டன் பக்கத்துல இருக்கிறது.) இதுதான் அவருடைய முதல் படம். முப்பது திரைப்பட விழாக்கள் வரை வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஸ்டுடியோ எதுவும் வாங்கலை. மனுஷன் அசரவில்லை, தானே விநியோகம் பண்ணி தியேட்டர் தியேட்டரா கொண்டு போனார். ரோஜர் ஈபர்ட் நாலு நட்சத்திரமும் கொடுத்தார். அதுக்கு மேல அவர் கொடுத்ததில்லை.

கதை நடக்கிற இடம் டென்னஸியின் வடமேற்கு மூலையில் இருக்கிற மார்ட்டின் என்கிற சின்ன ஊர். ஜோயி ஒரு கட்டட கான்ட்ராக்டர். கோடி அவனோட துணைவன். ரெண்டு பேருக்கும் ஆறு வயசுப் பையன், பேர் சிப். பையன் கோடிக்கும் அவனுடைய மனைவிக்கும் பிறந்தவன். பிரசவத்தை ஒட்டி அந்தப் பெண் இறந்துபோகிறாள். அந்த வீட்டில் வேலை செய்ய வந்தவன்தான் ஜோயி. கைக்குழந்தையோட திண்டாடுற ஒருத்தனுக்கு முதல்ல ஒத்தாசையா இருக்கான், அப்புறம் சிநேகிதம், அப்புறம் காதல். இதெல்லாம் நமக்குத் துண்டு துண்டா, பின்னாடி பின்னாடிதான் தெரிய வருது. படம் ஆரம்பிக்கும்போது அது ஒரு சாதாரணக் குடும்பம். காலையில எழுப்பணும், பையனை ஸ்கூலுக்குக் கிளப்பணும். அவ்வளவுதான்.

அப்புறம் அந்த விபத்து. ஆஸ்பத்திரிக்கு ஓடுறான் ஜோயி. உள்ளே விட மாட்டேங்கிறாங்க. குடும்பத்தினர் மட்டும்தானாம். யாரும் கத்தலை, யாரும் கெட்ட வார்த்தை பேசலை. அந்த நர்ஸ் தன் வேலையைப் பார்க்கிறாள். ஒரு டேட்டாபேஸ்ல ரெக்கார்டு இல்லைன்னா என்ன வருமோ அது மாதிரி ஒரு பதில். கோடி இறந்துபோகிறான்.

சாவுக்குப் பின்னாடி வர்ற ஒரு சமையலறைக் காட்சிக்காகவே இந்தப் பதிவு எழுத உட்கார்ந்தேன். கேமரா ஒரே இடத்துல நிக்குது. ஜோயி மேஜையில உட்கார்ந்திருக்கான், நமக்கு முதுகுதான் தெரியும். பையன் அங்கேயும் இங்கேயும் நடக்கிறான். ஃப்ரிட்ஜைத் திறக்கிறான், அப்பாவுக்குக் குடிக்க எடுத்து வந்து வைக்கிறான், தனக்கும் ஒண்ணு எடுத்துக்கிறான். பேச்சு கிடையாது, பின்னணி இசை கிடையாது, குளோசப் கிடையாது. நம்ம ஊரா இருந்தா ஷெனாய் வாசிச்சே கொன்னிருப்பாங்க. இங்கே ஒரு பொடியன் வீட்டைக் கவனிச்சுக்கிறான், அவ்வளவுதான். அதைப் பார்த்துட்டு ஒருத்தன் "இது குடும்பம் இல்லை"ன்னு சொன்னா அவன்கிட்ட அப்புறம் பேச ஒண்ணுமே இல்லை.

ஆனா சட்டம் அப்படித்தான் சொல்லுது. கோடி ஒரு உயில் எழுதி வெச்சிருக்கான். ஜோயி அவன் வாழ்க்கையில வர்றதுக்கு முன்னாடி எழுதினது. அதுல எல்லாமே அக்கா எய்லீனுக்கு: வீடு, பணம், பையனைப் பார்த்துக்கிற பொறுப்பு. உயிலை மாத்தி எழுத யாருக்கும் தோணலை. நல்லா ஓடிட்டிருக்கிற புரோகிராமோட டாக்குமெண்டை யாரு அப்டேட் பண்றாங்க சொல்லுங்க? ஒரு நாள் பையன் எய்லீன் வீட்டுக்குப் போறவன் திரும்பி வரலை. பையன் பக்கமே போகக்கூடாதுன்னு ஜோயிக்குக் கோர்ட் தடை வருது. எய்லீன் வில்லி கிடையாது, அதுதான் கஷ்டம். தம்பியை இழந்தவள், அவன் கையெழுத்து போட்டு வெச்சதை அப்படியே செய்யறதா நம்புறாள்.

அந்தக் காலத்து டென்னஸியைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கணும். 2006ல அங்கே வாக்கெடுப்பு நடத்தி, கல்யாணம்னா ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான்னு மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதி வெச்சாங்க. ஐந்து பேர்ல நாலு பேர் அதுக்கு ஆதரவா ஓட்டு போட்டாங்க. ஆஸ்பத்திரி விஷயத்துல ஒபாமா 2010 ஏப்ரல்ல ஓர் உத்தரவு போட்டார். நோயாளி யாரைப் பார்க்க விரும்புகிறாரோ அவரை அனுமதிக்கணும்னு, அரசு மருத்துவக் காப்பீட்டுப் பணம் வாங்குகிற ஆஸ்பத்திரிகளுக்கு 2011 ஜனவரியில விதி அமலுக்கு வந்தது. கல்யாண விஷயம் 2015 ஜூன் 26 அன்னிக்குத்தான் தீர்ந்தது. ஒபர்கெஃபெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகள்ல ஒண்ணு டென்னஸியிலிருந்து வந்தது. படம் வந்து நாலு வருஷம் கழிச்சு. ஜோயியைப் பொறுத்தவரை கல்யாணம்ங்கிறது ஊர்வலம், மோதிரம் சமாச்சாரம் இல்லை. கல்யாணம் ஆகியிருந்தா பையனை முறைப்படி தத்தெடுத்திருக்கலாம். தத்தெடுத்திருந்தா எந்த உயிலாலும் அவனை வெளியே நிறுத்தியிருக்க முடியாது. முதல் கண்ணியே இல்லாததால மொத்தச் சங்கிலியும் இல்லாமப் போச்சு.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைச்சதுன்னு சொல்லிடறேன். என் டீம்ல ஒரு சீனியர் இருக்கார். இன்னொருத்தரோட ஒன்பது வருஷமா ஒரே வீட்ல இருக்கார். 'ரூம்மேட்'னுதான் ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் அந்த இன்னொருத்தருக்கு அவசரமா ஆபரேஷன். சம்மதப் படிவத்துல 'நோயாளிக்கு உறவு' என்கிற கட்டத்துல இவர் 'கசின்'னு எழுதிக் கையெழுத்து போட்டிருக்கார். ஒன்பது வருஷம் அந்தக் கட்டத்துக்குள்ள அடங்கலை, ஒரு பொய் அடங்கிச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, ரெண்டு பேரும் சௌக்கியம். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். "பேர் போடாதே, மத்ததெல்லாம் போட்டுக்கோ"ன்னார்.

சரி, படத்துக்கு வருவோம். வக்கீல்கள் ஒருத்தர் விடாம கையை விரிச்சுடறாங்க. அப்போ, ஜோயி யாரோட வீட்டுல வேலை செஞ்சிட்டிருக்கானோ அந்தக் கிழவர் துணைக்கு வர்றார். பால் ஹாக்ஸ்னு பேர், ரிட்டையர்டு வக்கீல். சட்டத்துல ஜெயிக்க வழியில்லைன்னு அவருக்கும் தெரியும். ஆனா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்டே ஆகணும்ங்கிற மாதிரி ஓர் ஏற்பாடு இருக்கு. டெபொசிஷன்னு சொல்வாங்க. கோர்ட்டுக்கு வெளியே ஓர் அறையில் வக்கீல்கள் கேள்வி கேட்பாங்க, சாட்சி பதில் சொல்லணும், எல்லாம் வார்த்தை விடாம பதிவாகும். மேஜைக்கு அந்தப் பக்கம் எய்லீனும் அவ புருஷனும். படத்தோட கடைசி அரை மணி நேரத்துக்கும் மேல அந்த ஓர் அறைதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் குத்தித்தான் கேட்கிறார். ஜோயி கோபப்படலை. கதை சொல்ல ஆரம்பிக்கிறான். அனாதையா வளர்ந்தது, வில்லியம்ஸ்ங்கிற குடும்பப் பேர் எப்படி வந்தது, கோடியை எப்படிச் சந்திச்சான், பையன் எப்படித் தன் பையன் ஆனான். உரிமை, சமத்துவம், பாகுபாடுன்னு ஒரு வார்த்தை இல்லை. இன்னும் ஒண்ணு கவனிச்சீங்கன்னா, 'கே' என்கிற சொல் மொத்தப் படத்திலும் ஒரு தடவைகூட வராது. அவன் கேட்கிறது சொத்து இல்லை. பையனோட வாழ்க்கையில தனக்கும் ஓர் இடம்.

எனக்கு அந்த அரை மணி நேரம் ஒரு நீண்ட கண்ட்ரி பாட்டு மாதிரி இருந்தது. கண்ட்ரி இசைன்னா தெரியாதவங்களுக்கு: அமெரிக்கத் தெற்குப் பக்கத்து வெள்ளந்திப் பாட்டு. கிட்டார், ஃபிடில், அழுகிற மாதிரி இழுக்கிற ஸ்டீல் கிட்டார். வீடு, அம்மா, குடி, வேலை, செத்துப்போனவர்கள், விட்டுப் போனவர்கள் எல்லாம் அதுல வரும். தடித்தடியான ஆம்பளைங்க வெட்கப்படாம அழறதுக்கு அங்கே அனுமதிக்கப்பட்ட ஒரே இடம் அதுதானோன்னு எனக்குத் தோணும். ஹார்லன் ஹோவர்ட் என்கிற பாடலாசிரியர் அதை மூணு கார்டும் உண்மையும்னு சொன்னதா பிரபலம். அலங்காரம் வேண்டாம், நடந்ததைச் சொல்லு, கேட்கிறவன் தானா வருவான். ஜோயி செய்யறதும் அதேதான். அதுவும் எந்தக் குரல்ல! முகம் ஆசிய முகம், பேச்சு அச்சு அசல் டென்னஸி இழுவை. முதல் அஞ்சு நிமிஷம் காதும் கண்ணும் சண்டை போடும். அப்புறம் அவன் அந்த ஊர்க்காரன், அவ்வளவுதான்.

படத்துல சிப் டெய்லரோட இசை வருது. பையன் பேரும் சிப். டெய்லர் சுவாரசியமான ஆள். நடிகர் ஜான் வாய்ட்டோட தம்பி, அதாவது ஏஞ்சலினா ஜோலிக்குச் சித்தப்பா. 'வைல்ட் திங்' எழுதினவர். 1966ல ட்ராக்ஸ் குழு பாடி உலகம் முழுக்க ஒலிச்ச பாட்டு. நடுவில் பாட்டையெல்லாம் ஏறக்கட்டிட்டு பல வருஷம் தொழில்முறைச் சூதாடியா இருந்துட்டு, தொண்ணூறுகள்ல மறுபடி பாட வந்தார். அந்த வயசான, அவசரமில்லாத குரல் இந்தப் படத்துக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு.

ஆனா இந்த இசை ஜோயி, கோடி மாதிரி ஆட்களை ரொம்ப காலம் உள்ளே விடலை. ஷெலி ரைட் என்கிற கண்ட்ரி பாடகி தன்னைப் பற்றி வெளியே சொன்னது 2010லதான். பிரதர்ஸ் ஆஸ்போர்ன் ஜோடியில் ஒருத்தரான டி.ஜே. ஆஸ்போர்ன் சொன்னது 2021ல. இவங்களுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே, 1973ல, சியாட்டில்ல பேட்ரிக் ஹேகர்ட்டின்னு ஒருத்தர் 'லாவண்டர் கண்ட்ரி'ன்னு ஒரு ரெக்கார்டு போட்டார். வெளிப்படையா ஒரு கே ஆள் எழுதிப் பாடிய முதல் கண்ட்ரி ஆல்பம்னு அதைத்தான் சொல்றாங்க. ஆயிரம் பிரதி அச்சடிச்சாங்க. வித்து முடிஞ்சதும் கதையும் முடிஞ்சது.

அவரோட அப்பா ஒரு பால் பண்ணை விவசாயி. 1959ல பள்ளிக்கூடத்துக்கு வந்த அப்பாவை, அழுக்கு உடுப்புல வந்திருக்காரேன்னு பார்த்து பையன் ஒளிஞ்சுக்கிட்டான். வீட்டுக்குத் திரும்புற வழியில அப்பா திட்டலை. பையன் எப்படிப்பட்டவன்னு அவருக்குப் புரிஞ்சிருந்தது. வளர்ந்து நீ யாரை விரும்பினாலும் சரி, திருட்டுத்தனமா மட்டும் வாழாதே, ஒளிஞ்சா நீ செய்யறது தப்புன்னு நீயே நினைக்கிறதா ஆயிடும்ங்கிற அர்த்தத்துல ஏதோ சொன்னாராம். 1959ல, ஒரு பட்டிக்காட்டு அப்பா! ஹேகர்ட்டி இதைத் தானே சொல்ல, 2015ல ஸ்டோரிகார்ப்ஸ் சின்ன அனிமேஷன் படமா ஆக்கினாங்க.

ஹேகர்ட்டிக்கும் பின்னாளில் துணைவர், பிள்ளைகள் எல்லாம் அமைஞ்சது. வயசான காலத்துல முதியோர் இல்லங்களுக்குப் போய் பழைய கண்ட்ரி பாட்டுகளைப் பாடிட்டிருந்தார். 2014ல ஒரு சின்ன கம்பெனி அந்த ரெக்கார்டை மறுபடி வெளியிட்டது. எழுபது வயசுல கிட்டாரைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா போய், நாப்பது வருஷம் முந்தி எழுதின அதே பாட்டுகளைப் பாடினார். 2022 அக்டோபர் கடைசியில இறந்துபோனார்.

ரூம்மேட் மறுநாள் காலையில பல் விளக்கிட்டே கேட்டான்: "கடைசியில அந்தப் பையனைக் குடுத்தாங்களா இல்லையா?" சொல்லலை. அடுத்த சனிக்கிழமை மறுபடி போடறதா ஏற்பாடு. பார்க்கிறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அந்தச் சமையலறைக் காட்சி வரும்போது ரிமோட்டைக் கொஞ்சம் தள்ளி வெச்சுடுங்க :-)